அடுப்படி வரை கேட்கும் சினிமா

வீட்டில் பார்த்த படத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால், "அதையெல்லாம் தியேட்டரில் பார்த்திருக்க வேண்டும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. திரையின் அளவு, இருட்டு, ஒலியமைப்பு என்று காரணங்களும் வரிசையாக வரும். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சமீபத்தில் எங்கள் வீட்டில் பார்த்த மூன்று படங்களையும், அவற்றைப் பற்றி வீட்டிலும் உறவிலும் ஆளுக்கொன்றாகச் சொன்ன கருத்துகளையும் நினைத்துப் பார்க்கும்போது, தீர்ப்பை மாற்றுவது திரையின் அளவு அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. யார் எங்கே இருந்து பார்த்தார்கள்? எழுந்து போக வேண்டி வந்தபோது "கொஞ்சம் நிறுத்து" என்று யாரால் சொல்ல முடிந்தது? இந்த இரண்டு கேள்விகளும் பல வாரங்களாக மனதை அரித்துக்கொண்டே இருக்கின்றன.

எங்கள் வீடு திண்டுக்கல்லில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஹாலில் டிவி மாட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. படம் ஓடத் தொடங்குவது பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குமேல், அதாவது தோசை நேரத்தில். தோசைக்கு ஒரு குணம் உண்டு. அதை மொத்தமாகச் சுட்டு அடுக்கிவைத்துவிட்டு வந்து உட்கார முடியாது. ஆறிய தோசையை அப்பா தொட மாட்டார், தம்பிக்கு முறுகலாக வேண்டும். ஆகவே அம்மா படத்தின் முதல் ஒரு மணி நேரத்தைச் சுவருக்குப் பின்னால் நின்று காதால்தான் பார்க்கிறார். நான் எழுந்து கரண்டியை வாங்கினால் இரண்டு தோசை வரை பொறுத்துக்கொண்டு, "நீ போ, உனக்கு வட்டமாக வராது" என்று அனுப்பிவிடுவார். நடுநடுவே "யார் வந்தது?" என்று உள்ளிருந்து குரல் வரும். யாராவது ஒருவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு வரியில் பதில் சொல்வோம்.

படத்தைக் காதால் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர் அம்மா. ஒரு முழுப் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்காமலேயே வசனத்தை வரி மாறாமல் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் தருமி வசனம் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் ஓடியே மூன்று தலைமுறைக்கு மனப்பாடம் ஆனது. 1984இல் 'விதி' வந்தபோது அதன் நீதிமன்றக் காட்சி கேசட்டாக டீக்கடை டீக்கடையாக ஒலித்தது. வசனம் நன்றாக இருந்தால் படம் நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருக்கிறது. கேட்டே ரசித்த ஒரு சமூகம் நாம். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது; 1993இல் சன் டிவியோடு தனியார் சானல்களின் காலம் பிறந்தது. தனியார் சானல்களில் படம் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரம். எல்லோரும் அதைத் திட்டினோம். ஆனால் அம்மா திட்டியதாக எனக்கு நினைவில்லை. அந்த விளம்பர நேரத்தில்தான் அவர் குக்கரை இறக்குவார், மாவைக் கரைப்பார், பாலுக்குப் பிரை ஊற்றுவார். விளம்பரம் முடிந்து படம் தொடங்கும் ஒலி கேட்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த இடைவெளி யாரிடமும் கேட்காமல் அவருக்குக் கிடைத்தது. இப்போது ஓடிடியில் விளம்பரம் இல்லாமல் பார்க்கிறோம். தியேட்டருக்காக வைத்த 'இடைவேளை' அட்டைகூட ஒரு நொடி வந்து மறைந்துவிடுகிறது. நிறுத்தும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இருக்கிற வசதி. அடுப்படியில் நிற்பவர் அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும், அம்மா எதையும் கேட்கிறவர் இல்லை.

பார்வையில்லாத அந்தத் தாய்

இதை முதலில் யோசிக்க வைத்தது மலையாள இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022 டிசம்பரில் கேரளத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அடுத்த மாதம் தியேட்டருக்கு வந்த படம். எங்கள் வீட்டில் தாமதமாகத்தான் பார்த்தோம். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுக் கேரளத்துக்குத் திரும்பும் ஒரு பஸ். மதியத் தூக்கத்திலிருந்து விழித்த ஜேம்ஸ் (மம்மூட்டி) வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக் காட்டுக்குள் நடந்து, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் அந்த வீட்டுப் பிள்ளை போலவே நுழைந்துவிடுகிறான். காணாமல் போன சுந்தரமாகவே பேசுகிறான், தமிழில். படம் எடுத்தது எங்கள் மாவட்டத்தில், பழனிக்குப் பக்கத்தில் உள்ள மஞ்சநாயக்கன்பட்டியில். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அந்தத் திண்ணைகளும் சந்துகளும் வெயிலும் எங்களுக்கு அறிமுகமானவை என்பதால் அப்பா கதையைவிட ஊரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்துக்கென்று தனியாகப் பின்னணி இசை அமைக்கவில்லை. அந்தக் கிராமத்து வீடுகளின் டிவியிலும் வானொலியிலும் ஓடிக்கொண்டே இருக்கும் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும்தான் படத்தின் இசை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கு இது மலையாளப் படம் என்பதே வெகுநேரம் தெரியவில்லை. பழைய பாட்டுகள் வரிசையாக வந்ததால் நாங்கள் சானல் மாற்றிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். அவர் வந்து உட்கார்ந்தபோது, சுந்தரத்தின் பார்வையில்லாத தாய் டிவி முன்னால் அமர்ந்து படம் 'பார்த்துக்கொண்டு' இருந்தார். வீட்டுக்குள் யாரோ ஒரு அந்நியன் புகுந்துவிட்டான் என்று மருமகளும் ஊரும் பதறும்போது, அந்தத் தாய் மட்டும் அவனை இயல்பாக மகனாக ஏற்றுக்கொள்கிறார். முகம் அவருக்குத் தடையாக இல்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவருக்குத்தான் சரியாகத் தெரிகிறது" என்றார். மம்மூட்டியின் நடிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன், அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். ஆனால் அந்தப் படத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது அந்தத் தாயின் காதுதான் என்பதை அம்மாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஜேம்ஸின் மலையாளமும் சுந்தரத்தின் தமிழும் மோதும் இந்தப் படத்தை முழுக்க ஒரே மொழியில் பேசவைத்தால் எதுவும் மிஞ்சாது. டப்பிங் இல்லாமல் பார்க்க முடிந்தவர்கள் அப்படியே பாருங்கள்.

உறவுக்காரரின் படமா, அருள்மொழியின் படமா?

அடுத்தது 'மெய்யழகன்'. பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பர் 27 அன்று வெளிவந்த படம். நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். எங்கள் வீட்டில் அது நீளம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை அருள்மொழி (அரவிந்த்சாமி), பல வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரர் ஒருவர் (கார்த்தி) வாய்மூடாமல் பேசுகிறார். அவர் பெயர்கூட அருள்மொழிக்கு நினைவில் இல்லை. இரவு முழுக்க அதை மறைத்துக்கொண்டே அவரோடு சாப்பிடுகிறார், சிரிக்கிறார், அவர் வீட்டில் தங்குகிறார்.

கார்த்தி பேசுகிற ஒவ்வொரு வரிக்கும் அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. உறவுக்காரர்களின் பேச்சு எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், எந்த இடத்தில் குரல் கம்மும் என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. படம் முடிந்ததும், "அந்தப் பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளை, அவனுடைய படம் இது" என்றார். அப்பா மறுத்தார். "அவன் பேசுகிறான், அவ்வளவுதான். படம் முழுக்க அரவிந்த்சாமியின் முகம்தான்." இருவரும் வெகுநேரம் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகுதான் எனக்குப் புரிந்தது, இரண்டு பேரும் உண்மையிலேயே இரண்டு படங்களைப் பார்த்திருக்கிறார்கள். பேசுகிறவர் காதுக்கு வருகிறார். பேச்சைக் கேட்டுக்கொண்டு, பெயர் தெரியாத சங்கடத்தோடு, பழைய காயம் மெல்ல இளகுவதை முகத்தில் மட்டுமே காட்டுகிற மனிதர் காதுக்கு வருவதே இல்லை. பாதிப் படத்தில் அருள்மொழி செய்வதெல்லாம் கேட்பதுதான். கேட்கிற முகத்தைக் கேட்க முடியாது, பார்க்கத்தான் வேண்டும்.

என் சொந்தக் கருத்து அப்பா பக்கம்தான் சாய்கிறது. ஆனால் படத்தில் நல்லவர்கள் கொஞ்சம் அதிகம் என்றும் நினைக்கிறேன். வீட்டைப் பிடுங்கிய உறவினர்களும் அதே ஊரில்தானே இருக்கிறார்கள்? தொடக்கத்தில் அவ்வளவு வலியோடு காட்டிய துரோகத்தைப் படம் பிறகு நின்று பார்க்கவே இல்லை. இதைச் சொன்னதற்கு அப்பாவும் அம்மாவும் ஒன்றுசேர்ந்து என்னை எதிர்த்தார்கள்.

சுண்ணாம்பு பூசிய தொண்டை

இப்போது 'கொட்டுக்காளி'க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். 'கூழாங்கல்' படத்துக்காக 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மை விருதான புலி விருதைப் பெற்ற பி. எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம். பெர்லின் விழாவில் திரையிடப்பட்டுவிட்டு, 2024 ஆகஸ்ட் 23 அன்று தியேட்டருக்கு வந்தது. மாரி செல்வராஜின் 'வாழை' வந்த அதே நாள். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, மதுரையில் இருக்கிறார். அவர் வீட்டில் பார்த்துவிட்டுப் போனில் சொன்ன கருத்து இது: "ஆட்டோவில் போகிறார்கள், போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. பாட்டு இல்லை, இசை இல்லை, கடைசியில் முடிவும் இல்லை." சூரிக்காகப் பார்க்கத் தொடங்கிய பலர் இதைத்தான் சொன்னார்கள். மாமா பொய் சொல்கிறவர் அல்ல, அவர் வீட்டு ஹாலில் அந்தப் படம் அப்படித்தான் ஓடியிருக்கும்.

மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது, பேய் ஓட்ட வேண்டும் என்று முடிவுசெய்து, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டிய பாண்டியும் (சூரி) இரு வீட்டாரும் ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு சாமியாரிடம் அழைத்துப் போகிறார்கள். ஆட்டோவில் காலைக் கட்டிய சேவல் ஒன்றும் கூடவே வருகிறது. இவ்வளவுதான் கதை. படம் முழுக்க மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. பின்னணி இசையும் கிடையாது. பைக் சத்தம், காற்று, சேவல், ஆண்களின் கத்தல். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் இந்தப் படத்தில் மீனா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அன்றைக்கும் அம்மா முதல் பாதியை அப்படித்தான் கேட்டார். "யார் இப்படிக் கத்துகிறார்கள்? சண்டைப் படமா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

பிறகு ஒரு பாட்டுக் கேட்டது. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு. இசையே இல்லாத படத்தில் திடீரென்று பாட்டு வந்ததும் அம்மா கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டார். அதே நேரத்தில் திரையில், ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கும் மீனாவின் உதடுகள் அந்தப் பாட்டோடு சேர்ந்து லேசாக அசைகின்றன. பைக்கில் வரும் பாண்டி அதைக் கவனிக்கிறான். அந்தப் பாட்டு யாரை நினைத்து என்று அவனாகவே முடிவுசெய்துகொள்கிறான். வண்டி நிற்கிறது. அடுத்த சில நிமிடங்கள் அவன் மீனாவை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களை அடிக்கிறான், பெண்களை அடிக்கிறான், யார் எவர் என்று பார்க்காமல் அடிக்கிறான். அந்தப் பெண் செய்தது உதட்டை அசைத்தது மட்டும்.

அம்மா வாசற்படியிலேயே நின்றார். அடுப்பில் தோசை கருகும் வாடை வந்தது. தம்பி நிறுத்தட்டுமா என்று கேட்க, அம்மா "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். மிச்சப் படத்தை அம்மா அசையாமல் பார்த்தார். சாலையில் ஒரு காளை மறித்து நிற்க, வீராப்பாக வந்த அத்தனை ஆண்களும் கிட்டே போகப் பயந்து நிற்கும்போது ஒரு சிறுமி வந்து அதைக் கயிற்றைப் பிடித்து அழைத்துப் போவாளே, அங்கே மட்டும் சின்னதாகச் சிரித்தார்.

படம் முடிந்தபின் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கும், கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருப்பான். குரல் கரகரவென்றுதான் வரும். "அந்தச் சுண்ணாம்பை அவனுக்கு யார் பூசிவிட்டிருப்பார்கள்?" என்று கேட்டார் அம்மா. "அவன் அம்மாவோ அக்காவோதான் பூசியிருப்பார்கள். விடியற்காலையில் எழுந்து, சுண்ணாம்பைக் குழைத்து, சூடு பொறுக்குமா என்று தன் கையில் தொட்டுப் பார்த்துப் பூசியிருப்பார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அடிக்கிறான்." இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் நீளமான காட்சிகளைப் பற்றி, இசையில்லாத ஒலியமைப்பைப் பற்றி, முடிவைப் பற்றி நல்ல நல்ல அவதானங்கள் உண்டு. கழுத்தில் இருக்கிற வெள்ளைப் பூச்சிலிருந்து, அதைப் பூசிய கைக்குப் போனவர் எவரையும் நான் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க அப்படிப் பூசிவிட்ட கைதான் அதைக் கண்டுபிடித்திருக்கிறது.

அதனால்தான் "வீட்டில் பார்த்தால் கவனம் இருக்காது" என்ற பொதுப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அம்மாவுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு பாட்டின் ஒலியை வைத்து அவர் அடுப்படியிலிருந்து படத்தின் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு இல்லாதது உட்கார இடம். பேசுகிறவர்களின் படங்கள் எப்படியோ அவரை வந்தடைந்துவிடுகின்றன. பேசாதவர்களின் படங்கள் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. மீனாவைப் போன்ற ஒருத்தியின் கதை, அதை யாரைவிடவும் நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவருக்குப் போய்ச் சேராமல், ரிமோட்டோடு சோபாவில் உட்கார்ந்து "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்கிறவர்களிடம் மட்டும் போய்ச் சேர்கிறது. இது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகுதான் படம். அப்பாவுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, ஆனாலும் நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

முடிவைப் பற்றி

மாமா முடிவே இல்லை என்றாரே, அதைப் பற்றி அம்மா அவரோடு போனில் அரை மணி நேரம் வாதாடினார். சாமியார் இன்னொரு பெண்ணுக்குப் பேய் ஓட்டுவதைப் பாண்டி பார்க்கிறான். மந்திரம் என்ற பெயரில் அவள் உடம்பில் அந்த ஆள் கை வைக்கிற விதத்தையும் பார்க்கிறான். அடுத்தது மீனாவின் முறை. படம் அங்கே நின்றுவிடுகிறது. பாண்டி வண்டியைத் திருப்பிவிடுவான் என்பது அம்மாவின் உறுதியான கட்சி. "அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது" என்கிறார்.

எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அவன் திருப்பக்கூடும். ஆனால் தனக்குப் பார்த்துவைத்த பெண்ணை இன்னொருவன் தொடுவதா என்ற எரிச்சலில் திருப்பினால், ஊருக்குத் திரும்பியதும் மீனாவுக்கு என்ன மாறும்? அதே வீடு, அதே கல்யாணம், அதே ஆட்டோவில் வந்த அதே பெரியவர்கள். இயக்குநர் அந்த இடத்தில் நிறுத்தியதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் வண்டி திரும்புவதைக் காட்டியிருந்தால் நாம் நிம்மதியாகப் பெருமூச்சுவிட்டு எழுந்து போயிருப்போம். இதை அம்மாவிடம் சொன்னேன். "திரும்பினால் அந்தப் பெண் அன்றைக்கு ஒரு நாளாவது தப்பிப்பாள் இல்லையா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமா மறுபடியும் ஒருமுறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், இந்த முறை அத்தையையும் கூட உட்கார வைத்துக்கொண்டு.